கிரியாட்டினின் 1.3: பீடி சுற்றும் ஒரு பெண்ணின் சிறுநீரகமும் இதயமும்

நோயாளி 58 வயதுப் பெண். முக்கூடலுக்கும் ஆலங்குளத்துக்கும் நடுவில் ஒரு சின்ன கிராமம். கல்யாணத்துக்கு முன்பிருந்தே பீடி சுற்றுகிறார். சர்க்கரை நோய் 11 ஆண்டுகளாக இருக்கிறது, ரத்தக் கொதிப்பு 6 ஆண்டுகளாக. அடையாளம் தெரியக் கூடாது என்பதற்காக ஊர், குடும்பம் பற்றிய சில விவரங்களை மாற்றியிருக்கிறேன்.

ஆடி அமாவாசைக்குக் காரையாறு சொரிமுத்து அய்யனார் கோயிலில் குடில் போட்டுச் சில நாள் தங்கிவிட்டு வந்திருந்தார். மாத்திரைப் பையை எடுத்துப்போக மறந்துவிட்டார்கள். அங்கே கிடா விருந்து, கருவாடு, ஊறுகாய். தரையில் படுத்ததில் குறுக்கு வலி கூடிப்போக, வலி மாத்திரையைக் காலையும் மாலையும் போட்டிருக்கிறார். ஊர் திரும்பியதும் கால் வீங்கியது. ராத்திரி தலையணை ஒன்று இரண்டாகி, மூன்றாகி, கடைசியில் சுவரில் சாய்ந்து உட்கார்ந்தபடியே தூங்கினார். வாயுவாக இருக்கும் என்று ஓமத் தண்ணீர் கொடுத்துப் பார்த்திருக்கிறார்கள். பிறகு ஒரு நள்ளிரவில் ஆட்டோவில் கொண்டுவந்தார்கள்.

"நெஞ்சு வலிக்குதாம்மா?"

"இல்லய்யா. மூச்சுதான் விட ஏலல. படுத்துக் கெடக்கவே முடியல."

மகனின் கேள்வி வேறு. வரும் வழியில் ஓர் இடத்தில் ரத்தம் சோதித்துவிட்டு வந்திருந்தார்கள். "உப்பு கூடியிருக்கு, கிட்னி பெயிலியர்னு சொல்லுதாவ. மிஷின்ல போடணுமா சார்?"

அந்த வீட்டில் எல்லோருடைய பயமும் டயாலிசிஸ் மேல்தான் இருந்தது. அன்றைக்கு அவர் உயிருக்கு ஆபத்தாக நின்றதோ இதயம்.

கிடைத்த எண்கள்

ரத்த அழுத்தம் 196/104. நாடித்துடிப்பு 116. வெளிக்காற்றில் ஆக்சிஜன் 86 சதவீதம். இரண்டு நுரையீரலிலும் கீழிருந்து பாதி வரைக்கும் நீர் கோத்த சத்தம். கழுத்து நரம்பு புடைத்திருந்தது, முழங்கால் வரை வீக்கம். எக்ஸ்ரேயிலும் நுரையீரலில் நீர் தெளிவாகத் தெரிந்தது. ஹீமோகுளோபின் 8.2, சிறுநீரகம் வெளியேற்ற வேண்டிய கழிவான கிரியாட்டினின் (மகன் சொன்ன 'உப்பு' இதுதான்) 2.4, பொட்டாசியம் 5.6.

இசிஜியில் மாரடைப்புக்கான மாற்றம் இல்லை. இடது கீழறைச் சுவர் தடித்திருப்பதற்கான அடையாளங்கள் இருந்தன. இதயத் தசை பாதிக்கப்பட்டால் ரத்தத்தில் கூடும் புரதமான ட்ரோப்போனின் மட்டும் அளவுக்கு மேல். இந்த இடத்தில் அவசரப்பட்டு "சின்ன அட்டாக்" என்று சீட்டில் எழுதிவிடுவது உண்டு. நாள்பட்ட சிறுநீரக நோயில், மாரடைப்பே இல்லாமல் ட்ரோப்போனின் ஓரளவு உயர்ந்தே இருக்கும். தடித்துப்போன, ரத்தம் போதாத இதயத் தசையிலிருந்து அது கொஞ்சம் கொஞ்சமாகக் கசிந்துகொண்டிருக்கும். ஆகவே ஒரு தடவை எடுத்த எண்ணை வைத்து முடிவுக்கு வர முடியாது. சில மணி நேரம் கழித்து மறுபடி எடுத்து, ஏறுகிறதா இறங்குகிறதா என்று பார்க்க வேண்டும். இவருக்கு இரண்டும் ஏறக்குறைய ஒன்றாகவே இருந்தன.

நெஞ்சு வலி இல்லையே என்று நிம்மதி அடையவும் கூடாது. சர்க்கரை நோயும் சிறுநீரக நோயும் சேர்ந்த உடம்பில் மாரடைப்பே வலி இல்லாமல் வரும். மூச்சு வாங்குவது, திடீர் அசதி, வேர்வை என்று வேறு உருவத்தில் வரும்.

எக்கோவில் இதயம் சுருங்கும் திறன் 55 சதவீதம். அதாவது நன்றாகவே சுருங்குகிறது. சுவர்தான் 14 மில்லிமீட்டர் தடிமன். தளர்ந்து விரிந்து ரத்தத்தை உள்வாங்க முடியாமல் விறைத்திருந்தது. இடது மேலறை பெரிதாகியிருந்தது. மைட்ரல் வால்வின் விளிம்பில் சுண்ணாம்பு படிந்திருந்தது. "பம்பிங் நார்மல்" என்று வாயால் சொல்லி அனுப்பிவிட்டால், மூச்சு ஏன் முட்டியது என்பது யாருக்கும் விளங்காது. சுருங்கும் திறன் குறையாமலே வரும் இதயச் செயலிழப்பு இது. சிறுநீரக நோயாளிகளிடம் நாம் அடிக்கடி பார்ப்பதும் இந்த வகையைத்தான்.

ஸ்கேனில் இரண்டு சிறுநீரகங்களும் கொஞ்சம் சிறுத்து, வெளுத்துத் தெரிந்தன. சிறுநீரில் புரதம் எவ்வளவு கசிகிறது என்று காட்டும் ஆல்புமின்–கிரியாட்டினின் விகிதம் 940. 30க்குள் இருக்க வேண்டியது. விழித்திரையில் சர்க்கரையால் வந்த பாதிப்பு இருந்தது. ஆக, இது காரையாற்றில் தொடங்கிய நோய் அல்ல.

இரண்டு வருடத்துக்கு முந்தைய தாள்

மஞ்சள் பையிலிருந்து மகள் எடுத்துக்கொடுத்த பழைய தாள்களில் ஒன்று, இந்த நிகழ்வின் மையம். இரண்டு ஆண்டுகளுக்கு முன் எடுத்தது. கிரியாட்டினின் 1.3. சிறுநீரில் ஆல்புமின் இரண்டு பிளஸ். பக்கத்தில் யாரும் எதுவும் எழுதவில்லை. "கொஞ்சம்தான் கூட இருக்கு, தண்ணி நெறைய குடிங்க" என்று சொன்னதாக அவருக்கு ஞாபகம்.

கிரியாட்டினின் தசையிலிருந்து வருவது. 25 வயது இளைஞனுக்கு 1.3 என்றால் சிறுநீரக வடிகட்டும் திறன், அதாவது ஈஜிஎஃப்ஆர், ஏறக்குறைய 78 வரும். அதே 1.3 அன்றைக்கு 56 வயதிலிருந்த இந்த அம்மாவுக்கு 48தான். பாதிக்குமேல் போய்விட்டது என்று அர்த்தம். அவர் உடம்பு வேறு ஒடிசல், தசை குறைவு. உண்மையான திறன் 48க்கும் கீழே இருந்திருக்கலாம். எண்ணைக் கணக்குப் போடாமல் வெறுமனே பார்த்தால் "பார்டர்" என்றுதான் தோன்றும். ஈஜிஎஃப்ஆரைக் கூடவே அச்சிட்டுக் கொடுக்கும் லேப்கள் இப்போது நிறைய வந்துவிட்டன. ஆனால் அந்த வரியை எத்தனை பேர் படிக்கிறார்கள்?

மூன்று மாதத்துக்கு மேலாக ஈஜிஎஃப்ஆர் 60க்குக் கீழே நின்றாலோ, ஆல்புமின் விகிதம் 30க்கு மேல் நின்றாலோ, அது நாள்பட்ட சிறுநீரக நோய். இரண்டில் ஒன்று போதும். அப்படி நின்றுவிட்டால் அந்த நாளிலிருந்தே அவர் இதய நோய்க்கும் ஆளாகக்கூடியவர். கலிஃபோர்னியாவில் 11 லட்சத்துக்கும் மேற்பட்டோரைப் பின்தொடர்ந்து 2004இல் வெளியான ஆய்வு இதை எண்களில் காட்டியது. ஈஜிஎஃப்ஆர் 60க்கு மேல் உள்ளவர்களோடு ஒப்பிட்டால் மாரடைப்பு, பக்கவாதம், இதயச் செயலிழப்பு போன்றவை 45 முதல் 59 வரை உள்ளவர்களுக்கு 1.4 மடங்கு, 30 முதல் 44 வரை 2 மடங்கு, 15 முதல் 29 வரை 2.8 மடங்கு, அதற்கும் கீழே 3.4 மடங்கு. 2010இல் லான்செட் இதழில் வந்த பெரிய கூட்டாய்வு இன்னொன்றையும் சொன்னது: ஈஜிஎஃப்ஆர் நன்றாக இருந்தாலும் சிறுநீரில் ஆல்புமின் போனால், அது தனியாகவே மரண ஆபத்தைக் கூட்டுகிறது.

நாள்பட்ட சிறுநீரக நோய் உள்ளவர்களில் பெரும்பாலோர் டயாலிசிஸ் வரைக்கும் போவதே இல்லை. அதற்கு முன்பே இதயமோ மூளை ரத்தக் குழாயோ அவர்களைக் கொண்டுபோய்விடுகிறது. மகன் கேட்ட கேள்விக்கு அன்றிரவே இதைச் சொல்லவில்லை. மூச்சு சீரான பிறகு, மெதுவாகச் சொன்னோம்.

சிறுநீரகம் கெட்டால் இதயம் ஏன் கெடுகிறது

இந்தத் தொடர்பு புதிதாகக் கண்டுபிடித்தது இல்லை. லண்டன் கைஸ் மருத்துவமனையில் ரிச்சர்ட் பிரைட் என்ற மருத்துவர், சிறுநீரைக் கரண்டியில் எடுத்து மெழுகுவர்த்தியில் காட்டுவார். ஆல்புமின் இருந்தால் வெள்ளையாகத் திரளும். அப்படித் திரண்டவர்கள் இறந்தபின் உடலைத் திறந்து பார்த்தபோது, சிறுநீரகம் சுருங்கியும் இதயத்தின் இடது கீழறை தடித்தும் இருந்ததை 1836இல் எழுதிவைத்தார். ரத்த அழுத்தத்தைக் கையில் பட்டை கட்டி அளக்கும் கருவியே அப்போது கிடையாது.

முதல் காரணம் எல்லோரும் ஊகிக்கக்கூடியது. சிறுநீரகம் உப்பை வெளியேற்றத் திணறும்போது உடம்பில் நீர் தேங்குகிறது, அழுத்தம் ஏறுகிறது. கூடவே ரெனின்–ஆஞ்சியோடென்சின் என்ற ஹார்மோன் வரிசை முடுக்கப்பட்டு ரத்தக் குழாய்களை இறுக்குகிறது. வருடக்கணக்கில் இந்த இறுக்கத்துக்கு எதிராகத் தள்ளித் தள்ளி இதயச் சுவர் தடிக்கிறது.

இரண்டாவது, ரத்த சோகை. எரித்ரோபாய்டின் சிறுநீரகத்தில் உற்பத்தியாவது. அது குறைந்தால் ரத்தம் ஊறாது. ஹீமோகுளோபின் 8 உள்ளவரின் இதயம், அதே ஆக்சிஜனைக் கொண்டுசேர்க்கக் கூடுதலாக ஓட வேண்டும்.

மூன்றாவது, சுண்ணாம்பு. எக்கோ அறிக்கையிலேயே அதைப் பார்த்தோம். பாஸ்பரஸ் வெளியேறாமல் தங்கும்போது அதைச் சமாளிக்க எஃப்ஜிஎஃப்-23, பாராதைராய்டு என்று சில ஹார்மோன்கள் கூடுகின்றன. ரத்தக் குழாயின் நடு அடுக்கில் இருக்கும் தசைச் செல்கள் எலும்புச் செல்களைப் போல நடந்துகொள்ளத் தொடங்கி, அங்கே சுண்ணாம்பு படிகிறது. கொழுப்பு அடைப்பு குழாயின் உட்சுவரில் வருவது. இது குழாய் முழுக்கவே, வெயிலில் கிடந்த ரப்பர் ஹோஸ் போல, விறைத்துப்போவது. விறைத்த குழாயில் மேல் அழுத்தம் ஏறும், கீழ் அழுத்தம் இறங்கும். இதயத்துக்கே ரத்தம் போவது குறையும். எஃப்ஜிஎஃப்-23 இதயத் தசையை நேரடியாகவே தடிக்க வைக்கிறது என்றும் ஆய்வுகள் காட்டுகின்றன.

ஆல்புமின் சங்கதிக்கு வருவோம். சிறுநீரக வடிகட்டியில் ஆல்புமின் கசிகிறது என்றால் அங்குள்ள நுண்குழாய்களின் உட்பூச்சு பழுதாகியிருக்கிறது. அதே உட்பூச்சுதான் இதயத்திலும் கண்ணிலும் மூளையிலும் இருக்கிறது. சிறுநீரில் மட்டும் அதைச் சில ரூபாய்க் குச்சியால் பார்த்துவிட முடிகிறது. அதனால்தான் இரண்டு வருடத்துக்கு முந்தைய அந்த இரண்டு பிளஸ், என் கணக்கில், கிரியாட்டினினைவிடப் பெரிய எச்சரிக்கை.

இது ஒருவழிப் பாதையும் அல்ல. இதயம் ரத்தத்தை முன்னே தள்ளத் திணறினால், பின்னால் தேங்கும் அழுத்தம் சிறுநீரகத்தின் சிரைகளை அழுத்தி வடிகட்டுதலைக் குறைக்கும்.

இவ்வளவுக்கும் மேலே வலி மாத்திரை. மடியில் தட்டை வைத்துக் குனிந்து மணிக்கணக்கில் சுற்றுகிற வேலை. அன்றைய கணக்கைக் கடையில் ஒப்படைத்தாக வேண்டும். குறுக்கு, கழுத்து, தோள்பட்டை எல்லாம் பிடித்துக்கொள்ளும். மெடிக்கலில் ஒரு செட் வாங்கிப் போட்டால் இரண்டு மணி நேரம் கூடுதலாக உட்காரலாம். அந்த செட்டில் டைக்ளோஃபெனாக் இருக்கும். அது சிறுநீரகத்துக்குப் போகும் ரத்தத்தைக் குறைக்கும், உப்பைத் தேக்கும், அழுத்தத்தை ஏற்றும், பொட்டாசியத்தையும் ஏற்றும். எட்டு ஒன்பது வருடங்களாக வாரத்தில் நாலைந்து நாள் போட்டிருக்கிறார். என்னென்ன மாத்திரை போடுகிறீர்கள் என்று கேட்டால் இதைச் சொல்லவும் மாட்டார். வலிக்குப் போடுவதை அவர் மருந்துக் கணக்கிலேயே சேர்ப்பதில்லை. "குறுக்கு வலிக்கு என்ன பண்ணுவீங்க?" என்று தனியாகக் கேட்டபோதுதான் விஷயம் வெளியே வந்தது.

மருத்துவம்

முதல் இரவில் செய்தவை பெரிய ரகசியம் இல்லை. முகக்கவசம் வழியாக அழுத்தத்தோடு ஆக்சிஜன், நைட்ரோகிளிசரின் சொட்டு, ஃப்யூரோசிமைடு 80 மில்லிகிராம் நரம்பு வழியாக. சிறுநீரக நோயாளிக்கு நீர் மருந்தின் அளவு கூடுதலாகத்தான் வேண்டும். வழக்கமான 20 மில்லிகிராம் கொடுத்தால், சிறுநீரகத்தின் நுண்குழல்களைப் போதிய அளவு எட்டாது. "நீர் மருந்து கிட்னியை இழுத்துராதா?" என்று மகள் கேட்டார். நியாயமான கேள்வி. ஆனால் நாலு நாளில் ஆறு கிலோ நீர் இறங்கியபோது கிரியாட்டினின் ஏறவில்லை, 2.4இலிருந்து 1.8க்கு இறங்கியது. தேக்கம் குறைந்ததும் சிறுநீரகமும் மூச்சு விட்டது. டைக்ளோஃபெனாக் நின்றதும் ஒரு காரணம். டயாலிசிஸ் தேவைப்படவில்லை. நிலைத்த ஈஜிஎஃப்ஆர் 32.

ரத்தம் ஏற்றலாமா என்று உறவினர்கள் கேட்டார்கள். நுரையீரலில் நீர் கோத்தவருக்கு ரத்தம் ஏற்றுவது எரிகிற அடுப்பில் விறகு வைப்பதற்குச் சமம். தவிர, பின்னாளில் மாற்றுச் சிறுநீரகம் பொருத்தும் வாய்ப்பையும் அது கெடுக்கலாம். இரும்புச் சத்து மிகக் குறைவாக இருந்தது. நரம்பு வழியாக இரும்பு கொடுத்து, பிறகும் 10ஐத் தொடாததால் எரித்ரோபாய்டின் வகை ஊசி தொடங்கினோம். குறி 10க்கும் 11.5க்கும் நடுவில். 13, 14 என்று ஏற்றிவிட்டால் நல்லதுதானே என்று தோன்றும். அப்படி ஏற்றிப் பார்த்த 2006, 2009 ஆய்வுகளில் இதயத்துக்கு நன்மை கிடைக்கவில்லை. ஒன்றில் இதய பாதிப்பும், இன்னொன்றில் பக்கவாதமும்தான் கூடின.

ஆஞ்சியோகிராம் எடுப்பதா என்ற விவாதம் எங்களுக்குள்ளேயே நடந்தது. 2020இல் வெளியான இஸ்கீமியா–சிகேடி ஆய்வில், முற்றிய சிறுநீரக நோயோடு நிலையான இதய நோய் உள்ள 777 பேரில், முதலிலேயே ஆஞ்சியோ, ஸ்டென்ட் என்று போனவர்களுக்கு மருந்தில் இருந்தவர்களைவிட மரணமோ மாரடைப்போ குறையவில்லை. இவருக்கு ட்ரோப்போனின் அசையவில்லை, வலியும் இல்லை. ஆகவே எடுக்கவில்லை. ஆனால் இதை யாரும் தவறாகப் படித்துவிடக் கூடாது. உண்மையான மாரடைப்பு வந்துவிட்டால், "சாயம் கிட்னிக்கு ஆகாது" என்று ஆஞ்சியோவை மறுப்பது நோயாளியைக் கைவிடுவதுதான். எடுக்க வேண்டியவர்களுக்கு எடுக்காமல் விடுவதைத்தான் நான் அதிகம் பார்க்கிறேன்.

கொழுப்பைக் குறைக்கும் ஸ்டாட்டின் வகை மாத்திரையான அட்டோர்வாஸ்டாட்டின் 20 தொடங்கினோம். டயாலிசிஸுக்குப் போன பிறகு புதிதாகத் தொடங்கும் ஸ்டாட்டினால் பெரிய பலன் இல்லை என்று இரண்டு பெரிய ஆய்வுகள் காட்டிவிட்டன. முன்னதாகவே தொடங்கினால்தான் பலன். ஹீமோகுளோபின் 8இல் இருக்கும்போது, அடைப்பு உறுதியாகாதவருக்கு ஆஸ்பிரின் வேண்டாம் என்று விட்டுவிட்டோம்.

டபாக்ளிஃப்ளோசின் 10 மில்லிகிராம்தான் இந்தச் சீட்டிலேயே எனக்குப் பிடித்த வரி. சர்க்கரை மருந்தாக வந்தது, இப்போது இரண்டு உறுப்புக்கும் சேர்த்து வேலை பார்க்கிறது. 2020இன் டபா–சிகேடி ஆய்வில் 4,304 பேர். சிறுநீரகம் மேலும் கெடுவதும் சிறுநீரகத்தாலோ இதயத்தாலோ வரும் மரணமும் சேர்த்து 39 சதவீதம் குறைந்தன, எல்லாக் காரண மரணமும் 31 சதவீதம் குறைந்தது. அதே ஆண்டு இந்தியாவில் காப்புரிமை முடிந்ததால் விலையும் கைக்கெட்டும் இடத்துக்கு வந்துவிட்டது. தொடங்கிய மூன்றாம் வாரம் கிரியாட்டினின் 1.8இலிருந்து 2.0 ஆனது. உள்ளூரில் பார்த்தவர் மாத்திரையை நிறுத்தச் சொல்லிவிட்டார். வடிகட்டியின் உள் அழுத்தம் குறைவதால் வரும் ஆரம்பச் சரிவு இது. 30 சதவீதம் வரை ஏறினால் பொறுத்துக்கொள்ளலாம். போனில் பேசித் தொடரச் செய்தோம்.

லோசார்ட்டன் என்ற ரத்தக் கொதிப்பு மாத்திரையின் கதையும் இதே மாதிரிதான். பழைய சீட்டில் இருந்திருக்கிறது, 1.3ஐப் பார்த்ததும் "கிட்னிக்கு ஆகாது" என்று நிறுத்தப்பட்டிருந்தது. ஆல்புமின் கசிவைக் குறைத்துச் சிறுநீரகத்தைக் காக்கிற மருந்தைச் சிறுநீரகத்தின் பெயரைச் சொல்லியே நிறுத்தியிருக்கிறார்கள். பொட்டாசியம் 4.6க்கு இறங்கியபின் 25 மில்லிகிராமில் மறுபடி தொடங்கி, இரண்டு வாரத்தில் ரத்தம் பார்த்து, 50க்கு ஏற்றினோம். சர்க்கரைக்கான மெட்ஃபார்மினை நிறுத்திவிட்டோம்.

வீட்டுக்குப் போன பிறகு

சாப்பாட்டுப் பேச்சு ஒருநாளில் முடியவில்லை. கருவாடு, ஊறுகாய் என்றால் உப்பு என்று அவருக்கே தெரியும். கல்லிடைக்குறிச்சி அப்பளத்தை யாரும் சந்தேகப்படுவதில்லை. உப்போடு அப்பளக்காரமும் சேர்வதால் அதிலும் சோடியம்தான். மகன் ஆசையாக இந்துப்பு வாங்கி வந்திருந்தார். அதுவும் பெரும்பாலும் அதே சோடியம் குளோரைடு. அதைவிட ஆபத்து, "சோடியம் குறைந்த உப்பு" என்று விற்கும் பாக்கெட்; அதில் பாதிக்குப் பாதி பொட்டாசியம் குளோரைடாக இருக்கலாம். லோசார்ட்டன் சாப்பிடும் சிறுநீரக நோயாளிக்கு அது இதயத் துடிப்பையே நிறுத்திவிடக் கூடியது. இளநீருக்கும் இதே காரணத்தால் தடை. பதநீர் இல்லாத கோடையா என்று வருத்தப்பட்டார். சர்க்கரை, பொட்டாசியம் இரண்டுக்குமாகச் சேர்த்து அதையும் வேண்டாம் என்றோம்.

வலிக்குப் பாராசிட்டமால், மேலுக்குத் தடவும் மருந்து, முதுகுக்குச் சாய்மானம் வைத்து உட்காருவது, மணிக்கு ஒருதரம் எழுந்து நடப்பது. பீடி சுற்றுவதை விட்டுவிடச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை, பி.எஃப். கணக்கும் வார வருமானமும் அதில் இருக்கின்றன. மக்களைத் தேடி மருத்துவத்தில் மாத்திரை கொண்டுவரும் பெண்ணிடம், செட் மாத்திரை வாங்கினாரா என்று மாதா மாதம் கேட்கச் சொல்லியிருக்கிறோம். இரண்டு முறை வாங்கியிருக்கிறார். முன்னே வாரத்துக்கு நாலைந்து நாள் என்பதை நினைத்தால் பரவாயில்லை.

ஐப்பசி மழையில் வயிற்றுப்போக்கு வந்தது. அந்த மாதிரி நாளில் டபாக்ளிஃப்ளோசின், லோசார்ட்டன், நீர் மாத்திரை மூன்றையும் நிறுத்திவைத்து, சாப்பிடத் தொடங்கியபின் மறுபடி போட வேண்டும் என்று சீட்டின் பின்பக்கம் தமிழில் எழுதிக் கொடுத்திருந்தோம். மகள் அதைப் பார்த்து அப்படியே செய்திருக்கிறார். கிரியாட்டினின் நகரவில்லை.

ஆறாம் மாதம் ரத்த அழுத்தம் 132/76, எடை நிலையாக இருக்கிறது, ஒரு தலையணையில் தூங்குகிறார். ஹீமோகுளோபின் 10.7. கிரியாட்டினின் 1.9. ஆல்புமின் விகிதம் 940இலிருந்து 390. பொட்டாசியம் 4.9 என்பதால், அதை மேலும் ஏற்றக்கூடிய ஃபினரினோன் என்ற சிறுநீரகக் காப்பு மாத்திரையைத் தள்ளி வைத்திருக்கிறோம், 4.8க்குள் வந்தால் யோசிக்கலாம். பின்னாளில் டயாலிசிஸுக்காகக் கையின் ரத்தக் குழாய்களை இணைக்கும் ஃபிஸ்டுலா தேவைப்படலாம் என்பதால் இடது கையில் ஊசியும் வேண்டாம், ரத்தமும் எடுக்க வேண்டாம் என்று சொல்லியிருக்கிறோம்.

கூட வந்த தங்கைக்கு வயது 52. அவரும் பீடி சுற்றுபவர்தான், அவருக்கும் சர்க்கரை, அவருக்கும் குறுக்கு வலி. கிரியாட்டினின் 0.8, ஈஜிஎஃப்ஆர் 88. முழுக்க நார்மல் என்று அனுப்பியிருக்கக்கூடிய தாள். சிறுநீர் ஆல்புமின் விகிதம் 64. வலி மாத்திரையை அன்றைக்கே நிறுத்தி, ஸ்டாட்டின் எழுதிக் கொடுத்தோம். மூன்று மாதம் கழித்து மறுபடி பார்க்கும்போதும் 30க்கு மேலே நின்றால், லோசார்ட்டனைத் தொடங்குவதாக இருக்கிறோம்.